பருவமும் மனமும்

(ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



மாரி தொடங்குமுன் நாம் செய்கின்ற ஆயத்தங்கள் பல. ஓட்டுக் கூரையாயின் உடைந்த ஓடுகளை மாற்றுகிறோம். கிடுகு வேய்ந்ததாயின் புதிதாக வேய்கிறோம். விறகை நனையாத இடத்தில் அடுக்குகிறோம். ஒடியலும் புழுக்கொடியலும் பானையில் ஏறிவிடுகின்றன. நுளம்பு பெருகாதிருக்கச் சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்கிறோம். பிள்ளைகளுக்குத் தடிமன் வந்தால் உதவுமென்று கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் வாங்கி வைக்கிறோம். இவையெல்லாம் வீட்டுக்கும் உடலுக்கும் உரியன. அந்த வீட்டினுள் இருக்கும் மனங்களுக்கு மாரி என்ன செய்யப்போகிறது என்று எண்ணிப் பார்த்தோர் நம்மில் எத்தனை பேர்?

இப்பொருளைப் பேசப்போகிறோம் என்று அறிவித்தபோது, “ஆண்டு விழாவிலே விசரைப் பற்றியா பேச்சு?” என்று சிலர் கேட்டனர். அவர்கள்மேல் நமக்கு வருத்தமில்லை. மனத்துக்கு வரும் எல்லாத் துன்பத்தையும் ‘விசர்’ என்ற ஒரே சொல்லால் மூடி வைப்பது நம்மவருக்கு நெடுநாளைய பழக்கம். காய்ச்சல் என்றால் என்ன காய்ச்சல் என்று கேட்கிற நாம், மனம் சோர்ந்தது என்றால் மட்டும் வேறொன்றும் கேட்பதில்லை, படலையைச் சாத்திவிடுகிறோம்.

நம் முன்னோர் பருவத்துக்கும் மனத்துக்கும் உள்ள உறவை அறியாதவரல்லர். தொல்காப்பியம் முதற்பொருள் என்று கூறுவன இரண்டே: நிலமும் பொழுதும். தெய்வம், உணவு, தொழில் முதலியன கருப்பொருளாய்ப் பின்னே வருகின்றன. ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறாகப் பகுத்து, காத்திருக்கும் மனத்தைக் காருக்கும் மாலைப் பொழுதுக்கும் உரியதாக்கினர். பிரிந்து போகும் துயரை வேனிலுக்கும் நண்பகலுக்கும் கொடுத்தனர். வாடைக்காற்றைப் பெயரிலேயே கொண்ட நெடுநல்வாடை பத்துப்பாட்டில் ஒன்று. ஒரே துன்பம் எல்லா மாதத்திலும் ஒரே அளவாக இருப்பதில்லை என்ற உண்மையை இவர்கள் கண்டிருந்தனர். நாமோ இதனைப் பரீட்சைக்காக மனனஞ் செய்து, வினாத்தாளில் எழுதி, அன்றைக்கே மறந்துவிட்டோம். அதற்காக, விஞ்ஞானிகள் இன்று கூறுவதெல்லாம் நம் ஏட்டில் முன்னமே உண்டு என்று மார்தட்டுவதும் நமக்கு உடன்பாடன்று. அவர்கள் கண்டது உறவை. காரணத்தை அறியும் கருவி அவர்களிடம் இருக்கவில்லை.

காரணத்தின் ஒரு பகுதி அண்மைக்காலத்திலேதான் துலங்கியது. 1984ஆம் ஆண்டில், அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவகத்தில் பணியாற்றிய நோர்மன் ரோசன்தால் என்ற வைத்தியரும் அவருடன் உழைத்தோரும் 29 நோயாளரைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். இந்நோயாளர் ஆண்டுதோறும் குளிர்காலம் நெருங்கும்போது சோர்வடைந்தனர். வழக்கத்திலும் கூடுதலாக உறங்கினர். மாவுணவிலும் இனிப்பிலும் ஆசை மிகுந்து உடல் பருத்தனர். ஆட்களைக் காணவும் விரும்பாதிருந்தனர். வசந்தம் வந்ததும் தாமாகவே தேறினர். ரோசன்தால் தென்னாபிரிக்காவின் வெயிலில் வளர்ந்தவர். நியூயோர்க்குக்குக் குடிபெயர்ந்தபின் குளிர்காலத்தில் தம் ஊக்கமே குன்றுவதை உணர்ந்தவர். ஒளிக்குறைவே இதற்கு முதற்காரணம் என்று அவர்கள் கருதினர். காலையில் கண்முன்னே பேரொளி விளக்கை ஏற்றி வைத்தபோது பலருக்குக் குணம் தெரிந்தது.

ஒளிக்கும் மனத்துக்கும் என்ன தொடர்பு என்று வாலிப அன்பர்கள் கேட்கலாம். நம் கண் பார்ப்பதற்கு மட்டும் அமைந்ததன்று. கண்ணின் உட்திரையிலே, உருவத்தைக் காட்டாமல் ஒளியின் அளவை மாத்திரம் மூளைக்கு அறிவிக்கும் உயிரணுக்களும் இருக்கின்றன என்பது 2002ஆம் ஆண்டளவிலே உறுதியாயிற்று. அவை மூளையிலுள்ள ஒரு சிறு கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. இருள் வந்தால் மெலற்றோனின் என்ற சுரப்பு ஊறி, உறங்கும் வேளை வந்ததென உடலுக்கு உணர்த்தும். ஒளி வந்தால் அது அடங்கும். காலை ஒளி பிந்தினால் அல்லது குறைந்தால் இக்கடிகாரம் பிந்தி ஓடுகிறது. உடல் எழுந்து வேலைக்குப் போய்விட்டது. கடிகாரமோ இன்னும் நள்ளிரவிலே நிற்கிறது. அந்த இழுபறியிலே பலருடைய மனம் சோர்ந்துபோகிறது.

ஒளியின் அளவை லக்ஸ் என்று கணக்கிடுவர். சிகிச்சைக்கு வைக்கும் விளக்கு 10,000 லக்ஸ். காலையில் அரை மணிநேரம் அதன்முன் இருப்பது வழக்கம். நம் வீட்டு அறையில் இரவு விளக்கின் ஒளி சில நூறு லக்ஸைத் தாண்டுவதே அரிது. முற்றத்து வெயிலோ 1,00,000 லக்ஸ் வரை போகும். மேகம் மூடிய நாளிலும் வெளியிலே ஆயிரக்கணக்கான லக்ஸ் உண்டு. மழை விட்ட காலையில் முற்றத்தில் அரை மணிநேரம் நிற்பவர் காசின்றி மருந்துண்பவர் என்றே சொல்லலாம்.

இது நமக்கு ஏன் வேண்டும், நாம் வெப்ப நாட்டார் அல்லவா என்று நினைப்பீர்கள். நம் வீடுகளில் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ ஒஸ்லோவிலோ பிள்ளை இல்லாத வீடு எத்தனை? யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் உள்ள வேற்றுமை ஒரு மணிநேரத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவே. மார்கழியில் இலண்டனின் பகல் எட்டு மணிநேரத்துக்கும் குறைவு. ஒஸ்லோவிலே ஆறு மணிநேரந்தான். இருளில் வேலைக்குப் போய் இருளில் வீடு திரும்பும் ஒரு பிள்ளை, “மனம் ஒன்றிலும் செல்லவில்லை அம்மா” என்று தொலைபேசியில் சொல்லுகிறான். நாம் என்ன மறுமொழி சொல்லுகிறோம்? “சாப்பாடு தண்ணி இருக்கு, சம்பளம் இருக்கு, உனக்கென்ன குறை?” என்கிறோம். அவன் அதற்குப் பிறகு நமக்கு அதைச் சொல்லான்.

அங்கே பேரப்பிள்ளை பார்க்கப் போகும் நம் முதியோர் நிலை அதிலும் பரிதாபம். மகனும் மருமகளும் வேலைக்குப் போக, பிள்ளைகள் பள்ளிக்குப் போக, யன்னலுக்கு வெளியே வெண்பனி. வெளியே இறங்கச் சப்பாத்தும் அங்கியும் வேண்டும். இறங்கினாலும் பேச ஆளில்லை. கோயிலுக்குப் போவதற்கும் ஒருவர் வாகனம் எடுக்கவேண்டும். பயணச் சீட்டு எடுக்கும்போது மாதத்தையும் பார்த்து எடுங்கள் என்று பெரியோர்களை மிகவும் வேண்டிக்கொள்கிறோம். சித்திரைக்குப் பிறகு போகலாம், புரட்டாதியில் திரும்பிவிடலாம். அன்றியும், நம்முடைய கருநிறத் தோல் விட்டமின் டி ஆக்கிக்கொள்ளக் கூடிய வெயில் கேட்பது. அந்நாடுகளில் அது கிடையாதபடியால் வைத்தியரைக் கேட்டு அதற்குரிய குளிகை எடுப்பதும் நன்று.

நோர்வே நாட்டிலே ரியூக்கன் என்றொரு சிற்றூர் உண்டு. ஆழ்ந்த பள்ளத்தாக்கிலே அமைந்தபடியால் செப்ரெம்பர் கடைசி முதல் மார்ச் வரை ஞாயிற்றின் கதிர் அவ்வூரின்மேல் விழுவதில்லை. 1928ஆம் ஆண்டிலே, மக்களை வெயில் விழும் மலைமேல் ஏற்றிச் செல்வதற்கென்றே கம்பிவட ஊர்தி அமைத்தார்கள். 2013இலே மலையுச்சியருகே மூன்று பெருங் கண்ணாடிகளை நிறுத்தி, ஞாயிறு செல்லும் திசைக்கு அவை திரும்பும்படி செய்து, ஊர்ச் சதுக்கத்தில் ஒரு துண்டு வெயிலை விழவைத்தார்கள். ஓர் ஊர் முழுவதும் கூடி, நமக்கு வெயில் வேண்டும் என்று வெட்கமின்றிச் சொல்லியது நம் மனத்தைத் தொட்ட செய்தி. அங்கே அதனை யாரும் விசர் என்று சொல்லவில்லை.

இனி நமது நாட்டுக்கு வருவோம். இங்கே பகல் குறுகுவது அற்பமே. ஆயினும் ஐப்பசி பிறந்ததும் மனங்கள் இருளுகின்றன. ஏன்?

முதலாவது, கையிருப்பு. வடக்கிலும் கிழக்கிலும் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலேயே கொட்டிவிடுகிறது. அந்நாட்களில் மேசனுக்கு வேலையில்லை, தோட்டக் கூலிக்கு வேலையில்லை. வாடை எழுந்தால் வடக்குக் கிழக்குக் கரைகளில் கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையேறிவிடுகின்றன. பெரும்போக விதைப்புக்குப் பட்ட கடனோ மழையைப் பாராமல் வளருகிறது. மலையகத்திலே லயத்துக்கு மேலுள்ள மண்மேடு எந்த இரவில் சரியும் என்று உறங்காமல் கிடக்கிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலிற்குப் பின் அந்த அச்சத்தை வீண் பயம் என்று யார் சொல்லத் துணிவர்? வேலையில்லாத ஆண்மகன் நான்கு நாள் ஒரே அறையில் அடைபட்டால் சாராயம் உள்ளே வருகிறது. சாராயம் வந்த வீட்டிலே பெண்களும் பிள்ளைகளும் படும் பாட்டை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. இதற்கெல்லாம் வெளிச்சம் மருந்தாகாது. மாரிக்கு முன்னே ஒரு சிறு சேமிப்பும், மாரியிலே ஒரு கைத்தொழிலுமே மருந்து. மனநலம் என்பதைப் பொருளாதாரத்திலிருந்து பிரித்துப் பேசுவோரை நாம் முழுதும் நம்புவதில்லை.

இவ்விடத்திலே ஒரு கசப்பான செய்தியையும் சொல்லவேண்டும். 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் ஆண்டுதோறும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். உலகிலேயே மிகுந்த வீதங்களுள் அது ஒன்று. பின்னர், கொடிய நஞ்சுடைய கிருமிநாசினிகளை அரசு ஒன்றன்பின் ஒன்றாகத் தடைசெய்தது. இருபது ஆண்டுகளில் அந்த வீதம் ஏறத்தாழ 70 விழுக்காடு வீழ்ந்தது. விளைச்சல் அதனாற் கெடவில்லை. இறக்க எண்ணும் மனம் பெரும்பாலும் சிறிது நேரத்துக்கே அப்படி எண்ணுகிறது. அந்த வேளையில் கைக்கெட்டியது கொடிதாக இல்லாவிட்டால் மனிதர் பிழைக்கிறார். பிழைத்தவர் பலர் பின்பு நீண்டநாள் வாழ்கிறார். ஆகவே தோட்டத்து மருந்துகளை வீட்டுக்குள் வையாது, வெளியே பூட்டி, திறப்பை வேறொருவரிடம் கொடுத்து வைப்பது எந்தப் பருவத்திலும் செய்யத்தக்கது. இன்னொன்று: இருண்ட மாரியிலேதான் இவ்விபரீதம் மிகும் என்று எண்ணுவோர் பலர். ஐரோப்பிய நாடுகளிலே அது வசந்தத்திலும் முதுவேனில் தொடக்கத்திலுமே மிகுகிறது என்பதை எமில் டூர்க்கைம் என்ற பிரெஞ்சு அறிஞர் 1897இலேயே தம் நூலில் எடுத்துக்காட்டினார். சோர்ந்திருந்தவர் தேறத் தொடங்கும் காலத்திலும் கண் வைத்திருக்கவேண்டும். “இனிப் பயமில்லை” என்று நாம் எழுந்து போகும் காலமும் அதுவே.

இரண்டாவது காரணம் நமக்கே உரியது. அதனைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து எடுத்ததாகிவிடும். நம்முடைய மாதங்கள் வெறும் மாதங்களல்ல. நினைவு ஏறிய மாதங்கள்.

மார்கழி என்றால் 2004 டிசெம்பர் 26. கடல் எழுந்த காலை. அதற்கு முன் 1964இன் மார்கழிப் புயலை மன்னார்க் கரையார் மறக்கவில்லை. கார்த்திகை என்றால் மட்டக்களப்பாருக்கு 1978 நவம்பர் 23இன் சூறாவளி. ஐப்பசி என்றால் யாழ்ப்பாணத்தாருக்கு 1995 ஒக்டோபர் 30. ஊரே எழுந்து மழையிலே நடந்த இரவு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுக்கும் அதே ஐப்பசிதான். அதனை மறைத்து நம் ஐப்பசியை மட்டும் பேசுவது முறையன்று. ஆடி என்றால் 1983. வைகாசி என்றால் 2009, முள்ளிவாய்க்கால்.

இந்நாட்களை நாட்காட்டியைப் பார்த்தே மனம் நினைக்கிறது என்று கருதவேண்டாம். நாட்காட்டி பார்க்கத் தெரியாத உடலும் நினைக்கிறது. வாடையின் முதற்குளிர், நனைந்த மண்ணின் மணம், இரவில் தகரத்தின்மேல் விழும் மழையின் ஓசை, வைகாசியில் வேர்த்து ஒட்டும் வெக்கை. இவற்றுள் ஏதேனும் ஒன்று வந்ததும் உடல் முந்திக்கொள்கிறது. நெஞ்சு படபடக்கிறது, உறக்கம் கெடுகிறது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுகிறது, காரணமின்றிப் பிள்ளைகள்மேல் எரிச்சல் வருகிறது. “எனக்கு என்ன வந்தது?” என்று அவரே திகைக்கிறார். இருதயச் சோதனை செய்கிறார்; ஒன்றுமில்லை என்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே கிழமையில் அதே சோதனை! உளவைத்தியர்கள் இதனை ஆண்டு நினைவின் தாக்கம் என்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவம் கற்பித்த பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர் நம் மக்களின் மனத்தில் விட்ட வடுவைப் பற்றி 1998இல் ஆங்கிலத்தில் நூலெழுதியவர். தனி மனிதரின் மனம் மட்டுமன்று, குடும்பமும் ஊரும் சேர்ந்தே புண்படுகின்றன என்பது அவர் தொடர்ந்து வற்புறுத்திய கருத்து.

ஆகவே நாம் இப்படிச் சொல்லுவோம்: வீட்டிலே அந்த மாதம் வருமுன் அதனைப் பேசிவைக்கவேண்டும். “வருகிற கிழமை மாமாவின் நாள், அம்மாவுக்கு உறக்கம் வராது, இரவில் யார் பக்கத்தில் படுக்கிறது?” என்று முன்னமே கேட்டால் அம்மா தன் படபடப்பைக் கண்டு அஞ்சமாட்டார். வருவது இன்னதென்று தெரிந்த துன்பம் பாதித் துன்பம். இளைஞருக்கு ஒரு சொல்: 2009க்குப் பின் பிறந்த தம்பி தங்கைகளும் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் தந்தையார் வைகாசியிலே ஏன் கோபிக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது, அவரும் சொல்லமாட்டார். நீங்கள் கேட்கலாம். அவர் சொல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கலாம்.

காணாமற்போனோரின் தாய்மாருக்கு இதுவும் வாய்ப்பதில்லை. அவர்களுக்கு நாள் இல்லை. திவசம் செய்யவும் முடியாது. செய்யாதிருக்கவும் மனம் கேளாது. ஆடி அமாவாசையில் கீரிமலையில் ஊரே பிதிர்க்கடன் செய்யும்போது அவர்கள் வீட்டிலே கதவைச் சாத்தியிருக்கிறார்கள். ‘சடங்கு செய்து மனத்தை ஆற்று’ என்று அவர்களுக்குச் சொல்லுவது கொடுமை. அவர்கள் விரும்புகிறபோது விரும்பிய வண்ணம் நினைக்க விடுவதே நாம் செய்யக்கூடியது.

நம் பழைய ஆண்டு ஒழுங்கைக் கூர்ந்து பார்த்தால் வியப்பாகவே இருக்கிறது. தந்தைக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி என்று அழுவதற்கும் ஒரு நாள் குறித்து வைத்தார்கள். அன்று எல்லாரும் அழுவதனால் ஒருவர் தனியே அழவேண்டியதில்லை. காற்றடித்து வெறிச்சென்ற ஆடியின் முதல்நாளிலே கூழும் கொழுக்கட்டையும். மழை மூடிய கார்த்திகையிலே வாழைக்குற்றி நாட்டி விளக்கீடு. அதனைத் தொடர்ந்து 21 நாள் பிள்ளையார் கதை. அடைமழையிலும் அயலார் ஓரிடத்தில் கூடுவதற்கு அது ஒரு சாட்டு. மார்கழியிலே திருவெம்பாவைக் காலத்தில் வைகறையில் எழுந்து சங்கும் சேமக்கலமும் கொண்டு தெருவெல்லாம் போகிறோம். வீடு திரும்பும்போது முகத்திலே புதுவெயில் விழுகிறது. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே அதே வாடையிற்றான் பட்டம் ஏறுகிறது. இவற்றை மனநல வைத்தியமாக எண்ணி வகுத்தார்கள் என்று நாம் சாதிக்கவரவில்லை. ஆயினும் ஒளி, கூட்டம், ஓசை, நேரந்தவறாத எழுச்சி ஆகிய நான்கும் மிக வேண்டிய மாதங்களிலேயே அவை அமைந்திருக்கின்றன.

அதே மூச்சிலே இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த ஒழுங்கு எல்லாரையும் உள்ளே அழைப்பதில்லை. போரிலே கணவரை இழந்த பெண்ணைப் பொங்கற் பானையருகே விடுகிறோமா? கலியாண வீட்டிலே முன்வரிசையில் இருத்துகிறோமா? சபைக்கு ஆகாது என்று ஒதுக்கிவிட்டு, “அவ தனிச்சுப் போனா, யோசிச்சு யோசிச்சு வருத்தம் வந்திட்டுது” என்று பிறகு இரங்குகிறோம். வருத்தத்தைக் கொடுத்தது யோசனையன்று, நாம். மகிழ்ச்சிக் காலமே அவர்களுக்குக் கடுமையான பருவம். பெரியோர்கள் இதனை மாற்ற மனம்வைத்தால் ஒரு நாளிலே மாறும்.

வேனிலைப் பற்றிச் சிறிது. சித்திரை வைகாசி வெப்பத்திலே இரவு உறக்கம் குறைகிறது. உறக்கம் குறைந்தால் கோபமும் மனக்குழப்பமும் கூடுகின்றன. மனம் அளவிறந்து கிளர்ந்தெழும் நோயுடையார்க்கு, உறக்கம் கெடுவது நோய் மீளுவதற்கு முதல் அடையாளமாகவும் இருக்கும்; மூன்று நாள் உறங்காமலே உற்சாகமாக ஓடித்திரிபவரைக் கண்டு, ‘நல்லாய்த் தேறிவிட்டான்’ என்று மகிழாதிருங்கள். பேரொளி விளக்கும் இவர்களுக்கு வைத்தியர் சொல்லின்றி ஆகாது.

மருந்துண்போர் வெயிலில் அறியவேண்டியன சில. மனநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளுட் சில வியர்வையைக் குறைத்து உடலின் வெப்பத்தை உள்ளே அடைத்துவிடும்; நண்பகலில் வயலில் நிற்பது அவர்களுக்கு ஆபத்து. லிதியம் என்ற மருந்து உண்போர் நீர் குறைந்தாலும் உப்பை அறவே விட்டாலும் அம்மருந்து இரத்தத்திலே கூடி நஞ்சாகிவிடும். கை நடுக்கம், வாந்தி, வயிற்றோட்டம், தள்ளாட்டம், பேச்சுக் குழறல் கண்டால் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். இதனை ஏன் இந்த மேடையிலே சொல்லுகிறோம் என்றால், கந்தசஷ்டியிலே தண்ணீரும் அருந்தாது உபவாசம் இருப்போரும், செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு வெயிலிலே கால்நடையாய்ப் போவோரும் நம்மிடையே பலர். ‘விரத காலத்திலே குளிகை எதற்கு, முருகன் பார்த்துக்கொள்வான்’ என்று நிறுத்திவிட்டு, இருபதாம் நாள் வழியிலே மனங்குழம்பி நிற்பவரைக் காப்பாற்றுவது அடியார் கூட்டத்துக்கு எளிதன்று. விரதம் இருக்க விரும்புகிறவர் முன்னரே வைத்தியரிடம் கேட்கட்டும். நோயாளிக்குத் தளர்வு கொடுக்காத விரதம் நம் சமயத்தில் இல்லை. பாலும் பழமும் உண்டு இருப்பதும் விரதமே. யாத்திரை போகிறவர் உண்ணும் மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு துண்டில் எழுதி, உடன்வரும் ஒருவரிடம் கொடுத்து வைக்கட்டும்.

மாணவர்களுக்கு ஒன்று. நெடுங்காலம் ஆவணியில் நடந்த உயர்தரப் பரீட்சை அண்மையாண்டுகளிலே மாரியை ஒட்டி வந்தது. 2024 நவம்பரில் பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போதே வெள்ளத்தினால் சில நாள் நிறுத்தப்பட்டது. படித்ததெல்லாம் கரைந்துபோனதுபோல அந்நாட்களிலே பிள்ளைகள் துடித்தார்கள். மழைக்காலத்திலே விடியவிடியக் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு, பத்து மணிக்கு எழும்பி, இருண்ட அறையிலே படிக்கிறோம். மனம் எப்படி ஊன்றும்? எழும்பும் நேரத்தை மட்டும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள், விடுமுறையிலும். எழும்பிய கையோடு விறாந்தைக்கு வாருங்கள். மற்றவை ஓரளவு தாமே ஒழுங்குக்கு வரும்.

எப்பொழுது வைத்தியரை நாடவேண்டும்? இரண்டு கிழமைக்கு மேலாக நாள் முழுதும் மனம் சோர்ந்து, முன்பு விரும்பியதில் விருப்பமற்று, உணவும் உறக்கமும் மாறி, வேலையும் படிப்பும் ஓடாமல் நின்றுவிட்டால் அது மழையின் சோம்பலன்று. பெரிய வைத்தியசாலைகளிலே மனநலப் பிரிவு உண்டு. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் உண்டு. அங்கொடைக்குத்தான் போகவேண்டும் என்ற காலம் போய்விட்டது. ஒருவர் சாவைப் பற்றிப் பேசினால் பேச்சை மாற்றாதீர்கள். “உயிரை விட நினைக்கிறாயா?” என்று நேரே கேட்கலாம். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாய் முளைப்பதில்லை. கேட்க ஒருவர் உண்டே என்று சுமை குறைவதே வழக்கம். கேட்டபின் அவரைத் தனியே விடாமல் அழைத்துச் செல்லவேண்டும்.

இச்சங்கத்து வாலிபர் என்ன செய்யலாம் என்று தலைவர் அவர்கள் கேட்டிருந்தார்கள். புரட்டாதி முடியுமுன் நம் குறிச்சியிலே தனித்திருக்கும் முதியோர் வீடுகளையும், அந்த மாதங்களிலே இழப்பு நேர்ந்த வீடுகளையும் எண்ணிக்கொள்ளலாம். இருவர் இருவராய்க் கிழமைக்கு ஒருமுறை போகலாம். புத்தி சொல்லப் போகவேண்டாம்; தேத்தண்ணி குடித்து, ஊர்க்கதை பேசி, ஒழுகும் ஓட்டை மாற்றிக் கொடுத்து வரலாம். போகிறோம் என்று சொன்ன நாளிலே போகாமல் விடுவதுதான் பெருங்குற்றம். அவர்கள் அன்று காலை தொடக்கம் படலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேசியும் ஆறாத இடத்துக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் உதவித் தொலைபேசி இருக்கிறது, எண் 1926. அதனைப் பெரிய எழுத்தில் எழுதி வாசகசாலை வாசலில் ஒட்டச் செயலாளர் இசைந்திருக்கிறார். மழை நனைக்காத பக்கத்துச் சுவராகப் பார்த்து ஒட்டும்படி அவரை வேண்டிக்கொள்கிறோம்.